விருந்தாளி இட்ட சட்டம்

மோனாபொலி ஆட்டத்தில் காய் புறப்பட்டதும் முதலில் எதிர்ப்படும் இரண்டு தெருக்கள் மெடிட்டரேனியன் அவென்யூவும் பால்டிக் அவென்யூவும். விலை தலைக்கு 60 டாலர். பலகையைச் சுற்றி முடிக்கும் மூலையில் போர்டுவாக், 400 டாலர். நம்மூர்ப் பிள்ளைகள் ‘பிசினஸ்’ என்ற பெயரில் பம்பாயையும் கல்கத்தாவையும் வாங்கி விற்றது இதன் சாயலில்தான். ஆனால் அசல் பலகையில் இருப்பவை ஒரே ஊரின் தெருக்கள். 1930 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில் இருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர்கள் சிலர், கையால் வரைந்த அட்டையில் தங்கள் ஊர்த் தெருக்களை எழுதி விளையாடினார்கள். அது கைமாறிக் கைமாறி சார்ல்ஸ் டாரோ என்பவரிடம் போய்ச் சேர்ந்து, 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் சரக்காயிற்று. எந்தத் தெருவுக்கு என்ன விலை போடுவது என்று அந்த நண்பர்கள் யோசித்திருக்கவே வேண்டாம். கடலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் விடுதிகள் இருந்த இடம் உச்சம். ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே கறுப்பர்கள் குடியிருந்த இடம் அடிமட்டம். (இந்த ஆட்டத்தின் மூல வடிவத்துக்கு 1904இல் காப்புரிமை பெற்ற லிஸ்ஸி மேகி, நிலத்தை வளைத்துப் போடுவதன் அநியாயத்தைப் புரியவைக்கவே அதை உருவாக்கினார். அவருடைய பாடத்தைக் கீழே வைத்துவிட்டு, வளைத்துப் போடும் சுகத்தை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.)

கடற்கரையில் ஊர் இருந்து, பிறகு அதற்கு ரயில் வந்தது என்பதுதான் வழக்கம். இங்கே ரயிலுக்காக ஊர் வந்தது. 1854இல் கேம்டனிலிருந்து மணல் தீவு ஒன்றுக்குத் தண்டவாளம் போட்டார்கள். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லி அதற்கு அடிபோட்டவர் ஜொனதன் பிட்னி என்ற மருத்துவர். பிலடெல்பியாவின் ஆலைத் தொழிலாளியும் குமாஸ்தாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பணக்காரன்போல் இருந்துவிட்டுப் போகிற இடமாக ஊர் வளர்ந்தது. வந்தவர்கள் காலில் ஒட்டிய மணல் விடுதிக் கூடங்களையும் ரயில் பெட்டிகளையும் நாசமாக்கியதால் 1870இல் கரையோரம் பலகை பாவினார்கள். அதுதான் போர்டுவாக். துடைப்பத்தின் வேலையைக் குறைக்கப் போட்ட பலகை, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற உலாவீதியாயிற்று.

ஒருநாள் பணக்காரனுக்கு வேலைக்காரர்கள் தேவை. மேரிலாந்து, வர்ஜீனியா முதலிய பகுதிகளிலிருந்து கறுப்பர்கள் வந்தார்கள். வடக்கு நகரங்களின் ஆலைகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. விடுதிகள் சேர்த்துக்கொண்டன. சமையல், பரிமாறல், சலவை, பெட்டி தூக்குதல் என்று ஊர் நடந்ததே அவர்கள் கையால்தான். 1930 கணக்கெடுப்பின்போது 66,000 பேர் சொச்சம் இருந்த ஊரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பர். அமெரிக்காவின் வட மாநில நகரங்களில் அந்த விகிதம் மிக அபூர்வம்.

போர்டுவாக்கின் பழைய அஞ்சலட்டைகளில் தவறாமல் ஒரு பொருள் இருக்கும்: தள்ளுநாற்காலி. பிரம்பு முடைந்த அகலமான இருக்கை, அடியில் சக்கரங்கள். முதலில் நோயாளிகளுக்கென்று வந்தது, சீக்கிரமே எல்லோருக்கும் வாடகைக்கு ஓடத் தொடங்கியது. இருக்கையில் தொப்பி வைத்த தம்பதி, முதுகுப்பக்கம் நின்று தள்ளுகிறவர் கறுப்பர். நம்மூரில் மனிதன் இழுத்த ரிக்‌ஷாவில் அமர்ந்தவனுக்கு இழுப்பவனின் முதுகாவது தெரியும், முதுகில் வழியும் வியர்வை தெரியும். இந்த நாற்காலியில் அமர்ந்தவனுக்குக் கடல் மட்டும்தான் தெரியும். நாற்காலி தானாக நகர்வதாக அவன் நினைத்துக்கொள்ளலாம். அந்த ஊரின் மொத்தக் கட்டடக்கலையையும் இந்த ஒரு பொருளில் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. நியூ ஜெர்சி சட்டமன்றம் அந்த அரசியல் சட்டத் திருத்தத்தை ஏற்று வாக்களித்ததே 1922இல்தான். எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்ற ஆளுநர் மதுவிலக்கை எதிர்ப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லியே தேர்தலில் வென்றவர். அட்லாண்டிக் சிட்டிக்கோ இது பழகிய வித்தை. ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் முன்பே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை கிடைக்கிற தொழிலாளியை நம்பி வாழும் ஊர் அதைக் கேட்குமா? லூயி கூன்லி என்ற அரசியல் தலைவரின் காலத்திலேயே அந்தச் சட்டத்தைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டுக் கடையைத் திறந்துவைத்தார்கள். ஆகவே 1920இல் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை. மற்ற ஊர்களில் மதுவருந்த ரகசியக் கதவும் சங்கேதச் சொல்லும் வேண்டியிருந்தன. இங்கே விடுதியிலும் உணவகத்திலும் கேட்டால் கிடைத்தது. கரையிலிருந்து 3 மைலுக்கு அப்பால், அமெரிக்கச் சட்டம் எட்டாத நீரில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. 1924இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு மணி நேரக் கப்பல் ஓட்டத்தின் தூரத்துக்கு எல்லையைத் தள்ளினார்கள். படகுகள் இன்னும் கொஞ்சம் தூரம் போய்வந்தன, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் தலைவர் எனாக் ஜான்சன். ஊரார் சொல்லில் ‘நக்கி’. 1883இல் பக்கத்து காலவே டவுன்ஷிப்பில் பிறந்தவர். தந்தை அந்த கவுண்டியின் (மாவட்டத்தின்) ஷெரிஃப், அதாவது காவல் தலைவர். மகனும் 1908இல் ஷெரிஃப் ஆனார். பிறகு கவுண்டியின் பொருளாளர். காகிதத்தில் பார்த்தால் மாதச் சம்பளக்காரர். குடியிருந்ததோ 1921இல் திறந்த ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியின் 9ஆம் தளத்தில். கோட்டு மடிப்பில் தினமும் புதிய சிவப்பு கார்னேஷன் பூ. மது, சூதாட்டம், விபசாரம் மூன்றிலும் கப்பம் வாங்கினார். ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். விருந்தாளிக்கு வேண்டியதைக் கொடுப்பதுதான் எங்கள் தொழில் என்பது அவர் ஒளிக்காமல் சொன்ன நியாயம். பாசாங்கில்லாத அயோக்கியர் என்பதால் அவரைப் பலருக்குப் பிடித்தது. எனக்கும் அவரைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கணம் பிடிக்கத்தான் செய்கிறது. அந்தக் கணத்தைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் நமக்குள் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. அந்த நாளில் மதுவிலக்கைத் தூக்கிப் பிடித்தவர்களில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பும் உண்டு. இதே நியூ ஜெர்சிக் கரையில், லாங் பிராஞ்ச் என்ற ஊரில், 1924 ஜூலை 4 அன்று அவர்கள் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கத்தோலிக்கர், யூதர், கறுப்பர் எல்லோர்மீதும் அவர்களுக்கு இருந்த வெறுப்பும் மதுமீது இருந்த வெறுப்பும் ஒரே அங்கிக்குள் இருந்தன. அப்படியானால் சட்டத்தைச் சட்டைசெய்யாமல் குடித்துக் கூத்தாடிய ஊர், இந்த வெறுப்பிலிருந்தும் விடுபட்டிருக்க வேண்டுமல்லவா? ஜாஸ் இசை, சூதாட்ட மேசை, ஐரிஷ்காரனும் இத்தாலியனும் யூதனும் ஒன்றாக அமர்ந்து தொழில் பேசும் அறை. இங்கே நிறம் என்ன செய்துவிடும்?

நிறம் தன் இடத்தில் அப்படியே இருந்தது. அதைவிடக் கெட்டிப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

தொடக்க காலத்தில் கறுப்பர்கள் கரையெங்கும் குளித்தார்கள். விடுதிகள் பெருகி, தெற்கு மாநிலங்களிலிருந்தும் வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கியபோது, பக்கத்தில் கறுப்பர் குளிப்பதை அவர்கள் விரும்பவில்லை. விடுதிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கறுப்பர்களுக்கான கரை சுருங்கிக்கொண்டே வந்தது. 1920களின் இறுதியில் மிசௌரி அவென்யூ முனையில் ஒரு துண்டு மணலாக மிஞ்சியது. அதற்குப் பக்கத்தில்தான் 1929இல் கன்வென்ஷன் ஹால் என்ற பிரம்மாண்ட அரங்கைத் திறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அல் கபோன், மேயர் லான்ஸ்கி, லக்கி லூசியானோ முதலான குற்றக் கும்பல் தலைவர்கள் இந்த ஊரில் கூடித் தொழில் எல்லைகளைப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். உபசரித்தவர் நக்கி. சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட செயின்ட் வாலன்டைன் நாள் படுகொலை நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் கபோன் என்று நாடே பேசியது. அவருக்கு இந்த ஊரில் அறை கிடைத்தது, மேசை கிடைத்தது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த கறுப்பின ஆசிரியை ஒருவர் போர்டுவாக் உணவகத்துக்குள் போய் ஒரு காபி கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நியூ ஜெர்சியில் 1884இலேயே ஒரு சட்டம் இருந்தது. விடுதி, நாடக அரங்கு, வண்டி போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து யாரையும் மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. தெற்கில் நிறப்பாகுபாடு சட்டமாக இருந்தது. இங்கே நிறப்பாகுபாடே சட்ட மீறல். ஆக அட்லாண்டிக் சிட்டி இரண்டு சட்டங்களைத் தினமும் மீறியது. ஒன்று நாட்டின் மதுச் சட்டம், இன்னொன்று மாநிலத்தின் சமத்துவச் சட்டம். முதல் மீறலைப் பற்றிப் புத்தகங்களும் படங்களும் தொடர்களும் வந்துவிட்டன. இரண்டாவதைக் குற்றக் கணக்கில் எழுதியவர்கள் குறைவு. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். விருந்தாளிக்கு மது வேண்டும். விருந்தாளிக்குக் கறுப்பர் பக்கத்தில் குளிக்கக் கூடாது. முதலாவதைக் கொடுக்க எந்தக் கையால் சட்டத்தைத் தூக்கிப் போட்டார்களோ, அதே கையால்தான் இரண்டாவதைக் கொடுக்கவும் சட்டத்தைத் தூக்கிப் போட்டார்கள். நக்கி சொன்ன நியாயம் இரண்டுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

மிசௌரி அவென்யூக் கரைக்கு ஒரு பெயர் விழுந்தது: ‘கோழி எலும்புக் கடற்கரை’. கறுப்பர்கள் கூடை கூடையாக வறுத்த கோழி கொண்டுவந்து தின்றுவிட்டு எலும்பை மணலில் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற ஏளனத்தில் பிறந்த பெயர். வீட்டிலிருந்து கூடை கட்டிக்கொண்டு வருவானேன்? கரையோரத்து உணவகம் எதுவும் அவர்களுக்குச் சோறு போடாது. கடையில் விடமாட்டேன் என்றவன்தான், கட்டிக்கொண்டு வந்து தின்றதைப் பார்த்துச் சிரித்தான். அந்த எலும்பு யார் செய்த குற்றத்தின் தடயம்? அந்த மணலில் சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கலைஞர்களும் வந்து அமர்ந்தார்கள். பிலடெல்பியாவின் ஒளிப்படக்காரர் ஜான் மோஸ்லி அங்கே எடுத்த படங்களில் குளியலுடையில் பெண்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளைகள் மணல் தோண்டுகிறார்கள். விரட்டப்பட்டவர்களின் கரை என்று தலைப்பைப் படித்தால்தான் தெரியும்.

அழகிப் போட்டியும் இந்த ஊரின் சரக்குதான். செப்டம்பரில் லேபர் டே விடுமுறை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதை இன்னும் சில நாள் பிடித்துவைக்க 1921இல் விடுதிக்காரர்கள் கண்டுபிடித்த உபாயம் அது. முதல் ஆண்டு வென்றவர் வாஷிங்டனிலிருந்து வந்த 16 வயது மார்கரெட் கோர்மன். பிற்பாடு ‘மிஸ் அமெரிக்கா’ போட்டி, கலந்துகொள்பவர் வெள்ளை இனத்தவராக இருக்க வேண்டும் என்பதை எழுத்திலேயே 7ஆம் விதியாக வைத்திருந்தது. 1950 வரை அது நீங்கவில்லை. முதல் கறுப்பினப் போட்டியாளர் அந்த மேடை ஏறியது 1970இல். 1923இல் கறுப்பர்களையும் மேடை ஏற்றினார்கள்தான், ஓர் இசைக் காட்சியில், அடிமை வேடத்தில்.

நக்கியின் ஆதரவாளர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். நார்த்சைட் என்ற கறுப்பர் பகுதிக்கு அவர் செய்ததை மறக்கலாமா என்பார்கள். செய்தார், உண்மை. கோடையில் மட்டும் சம்பாத்தியம் தரும் ஊர் அது. அக்டோபர் வந்தால் பரிமாறுகிறவரும் நாற்காலி தள்ளுகிறவரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். கடற்காற்றில் குளிர் எலும்பைத் துளைக்கும். அப்போது நிலக்கரியும் மளிகையும் வீடு தேடி வந்தன. கூன்லி தொடங்கி வைத்த பழக்கம், நக்கி அதைச் சீராக்கினார். பதிலுக்கு நார்த்சைட் குடியரசுக் கட்சிக்கு மொத்தமாக வாக்களித்தது. குளிர்காயக் கரி கொடுத்தவருக்கு வாக்குப் போட்டவர்களை நான் குறைசொல்லமாட்டேன். அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி என்ற பாசமும் அதில் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கலாம். காவல்துறையை வைத்திருந்தவர், நீதிபதியை வைத்திருந்தவர், விடுதிக்காரர்கள் யாருடைய தயவில் மது விற்றார்களோ அவர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கரை திறந்திருக்காதா? சொல்லவில்லை. திறந்த கரையால் அவருக்கு லாபமில்லை. குளிர்காலத்துக் கரி வாக்காகத் திரும்பி வந்தது.

எச்பிஓ தயாரித்து 2010 முதல் 2014 வரை வந்த ‘போர்டுவாக் எம்பயர்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு மைக்கேல் கே. வில்லியம்ஸ் நடித்த சாக்கி ஒயிட் நினைவிருக்கும். கள்ளச் சரக்குக் காய்ச்சுகிற, துப்பாக்கி தூக்குகிற கறுப்பினத் தலைவன். அற்புதமான நடிப்பு. ஆனால் கறுப்பரின் வேட்கையைக் காட்ட வேண்டுமென்றால் கையில் துப்பாக்கியைக் கொடுத்தாக வேண்டும் என்று தொடர் எழுதுகிறவர்கள் ஏன் நினைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நார்த்சைட்டின் உண்மையான வேட்கை எண்ணெயும் களிம்பும் விற்றது.

சாரா ஸ்பென்சர் வாஷிங்டன் வர்ஜீனியாவில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இந்த ஊருக்கு வந்து சின்னதாக ஒரு சிகையலங்காரக் கடை போட்டார். பகலில் கடையில் வேலை, மாலையில் தாம் தயாரித்த சிகைப் பொருள்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பது. அதிலிருந்து ‘ஏபெக்ஸ்’ என்ற நிறுவனம் வளர்ந்தது: தொழிற்கூடம், பல நகரங்களில் அழகுக்கலைப் பள்ளிகள், ஊர் ஊராக விற்பனை முகவர்கள். அங்கே படித்த பெண் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைக்குப் போகாமல் பிழைக்க முடிந்தது. ஈஸ்டர் அன்று போர்டுவாக்கில் புத்தாடை அணிந்து உலாப் போவது ஊரின் பெரிய விசேஷம். அதில் கறுப்பர்களுக்குக் கிடைத்த அவமரியாதையைக் கண்டு, சாரா நார்த்சைட்டின் ஆர்க்டிக் அவென்யூவில் தனியாக ஓர் ஈஸ்டர் உலாவை நடத்தினார். கால்ஃப் மைதானங்கள் கறுப்பர்களுக்கு மூடியிருந்த காலத்தில், 1940களில், காலவே டவுன்ஷிப்பில் நிலம் வாங்கி மைதானமே போட்டார். நக்கி பிறந்த அதே காலவே. அந்த மைதானத்தில் எந்த நிறத்தவரும் ஆடலாம்.

இருவரும் விருந்தாளிகளின் ஊரில் மேலேறியவர்கள். ஒருவர் சட்டத்தை மீறுவதற்கான அனுமதியை விற்றார். மற்றவர், சட்டப்படி தமக்கு உரியதாயிருந்தும் மறுக்கப்பட்டதைத் தம் காசில் மறுபடி கட்டிக்கொண்டார். போர்டுவாக் அவருக்கும் சொந்தம், 1884இன் சட்டம் அப்படித்தான் சொன்னது. ஆர்க்டிக் அவென்யூ உலா ஒரு வெற்றிதான். ஆனால் அதை நடத்த வேண்டி வந்ததே தோல்வி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நார்த்சைட்டில் ஒய்எம்சிஏ, தேவாலயங்கள், மருத்துவர்கள், கடைகள் என்று எல்லாமே தனியாக உண்டாயின. அந்தப் பகுதியின் துடிப்பைப் பற்றி இப்போது ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். பிரித்து வைத்ததால் வளர்ந்தது என்று அந்த ஏக்கம் நழுவிவிடக் கூடாது.

1933 டிசம்பரில் மதுவிலக்கு போனது. நக்கியை அரசாங்கம் பிடித்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, கபோனைப் பிடித்த அதே வலையில்: வருமான வரி. வரித்துறையின் புலனாய்வாளர்கள் விபசார விடுதிகளிலிருந்து சலவைக்குப் போன துண்டுகளை எண்ணி, வந்துபோன வாடிக்கையாளர்களைக் கணக்கிட்டார்கள். துண்டுக் கணக்கிலிருந்து வருமானக் கணக்கு. 1941இல் 10 ஆண்டுச் சிறையும் 20,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். நான்கு ஆண்டில் வெளியே வந்தார். கட்டக் காசில்லை என்று சத்தியம் செய்து அபராதத்திலிருந்து தப்பினார். 1968இல் இறக்கும்வரை அமைதியாக வாழ்ந்தார். கரையைப் பிரித்ததற்காக அந்த ஊரின் பெரிய மனிதர் எவரும் சிறைக்குப் போகவில்லை.

நக்கி உயிரோடு இருக்கும்போதே, 1964 ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி தன் தேசிய மாநாட்டை அதே கன்வென்ஷன் ஹாலில் கூட்டியது. குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கறுப்பர்களை வாக்களிக்கவே விடாத மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டுமே கொண்ட பிரதிநிதிக் குழு வந்திருந்தது. அவர்களுக்குப் போட்டியாக, கறுப்பர்கள் முன்நின்று தொடங்கிய மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தன் ஆட்களை அனுப்பியது. பருத்தித் தோட்டத்தில் வேலை செய்த ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவுசெய்யப் போனதற்காகத் தாம் வேலையை இழந்ததையும் பின்னர் சிறையில் அடிபட்டதையும் மாநாட்டுப் பிரதிநிதிகளின் தகுதியை முடிவுசெய்யும் குழுவின் முன்னால் சொன்னார். தொலைக்காட்சியில் நாடு பார்த்துக்கொண்டிருந்தது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கேமராக்களைத் தம் பக்கம் திருப்ப அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டினார். அவர் போட்ட கணக்கு அந்த ஊர் விடுதிக்காரர்கள் போட்ட கணக்கேதான்: கறுப்பர்களை உள்ளே விட்டால் தெற்கிலிருந்து வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சமரசமாக இரண்டே இருக்கைகள் தருவதாகச் சொன்னார்கள். ஹேமரும் மற்றவர்களும் மறுத்தார்கள்.

மிசிசிப்பியின் வெள்ளைப் பிரதிநிதிகளுக்கு அந்த இரண்டும் பொறுக்கவில்லை. கட்சிக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதியளிக்கவும் மனமில்லை. மூன்று நான்கு பேரைத் தவிர எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் சுதந்திரக் கட்சியினர் இரவல் அனுமதிச் சீட்டோடு போய் அமர்ந்தார்கள். மறுநாள் நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் நின்றுகொண்டே பாடினார்கள். நவம்பர் தேர்தலில் லிண்டன் ஜான்சன் நாடெங்கும் பெருவெற்றி பெற்றார். மிசிசிப்பியோ எதிர்க்கட்சியின் பாரி கோல்ட்வாட்டருக்கு 87 சதவீத வாக்குகளை அள்ளிக் கொடுத்தது.